செரங்கெட்டி போக நினைக்கிறீர்களா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்காவுக்கு இரண்டு தடவை போய்வந்திருக்கிறேன். முதல் தடவை இரண்டே இரவு. பட்டியல் போட்டுக்கொண்டு விலங்குகளை விரட்டி விரட்டிப் பார்த்தோம். இரண்டாம் தடவை ஐந்து இரவு. பெரும்பாலும் ஒரே இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டாவதில்தான் காட்டை உண்மையில் பார்த்தேன் என்று சொல்வேன். அதன் பிறகு சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள், அவர்களின் நண்பர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். கட்டணங்கள் அவ்வப்போது மாறும். பணம் கட்டும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கென்யாவில் மசாய் மாரா இருக்கிறது, தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் இருக்கிறது. ஏன் செரங்கெட்டி?

மாராவும் செரங்கெட்டியும் ஒரே புல்வெளிதான். நடுவில் போகும் நாட்டெல்லை மனிதர்களுக்குத்தான், விலங்குகளுக்கு இல்லை. மாரா சுமார் 1,510 சதுர கிலோமீட்டர், செரங்கெட்டி 14,763. திண்டுக்கல் மாவட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அத்தனை பெரிய இடத்தில் வேலியே கிடையாது. 'முடிவில்லாமல் நீளும் நிலம்' என்ற பொருள்படும் மசாய்ச் சொல்லிலிருந்துதான் பெயரே வந்தது என்பார்கள். பூங்காவின் நுழைவிடமான நாபி ஹில் வாசலைத் தாண்டியதும் அந்தப் பெயர் ஏன் என்று புரிந்துவிடும்.

க்ரூகர் வேறு மாதிரி. தார்ச்சாலை, வாடகைக் கார், நீங்களே ஓட்டிக்கொண்டு போகலாம், செலவும் குறைவு. குடும்பத்தோடு சிக்கனமாக, நம் இஷ்டத்துக்குப் போகவேண்டும் என்பவர்களை நான் க்ரூகருக்குத்தான் அனுப்புவேன். ஆனால் அங்கே புதர் அதிகம், பல இடங்களில் பார்வை பத்தடி தாண்டாது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே மந்தையாக விலங்குகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு செரங்கெட்டிதான் சரி.

எந்த மாதம் போகலாம்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். 'எந்த மாதம் நல்லது' என்று கேட்பதைவிட 'அந்த மாதம் புல் எங்கே இருக்கும்' என்று கேட்க வேண்டும்.

நம் கீதாரிகள் மழை பெய்த பக்கம் பார்த்து ஆட்டைப் பத்திக்கொண்டு போவார்கள் அல்லவா? வில்டபீஸ்ட் மந்தை செய்வதும் அதுதான், மேய்க்க ஆள் மட்டும் இல்லை. மாட்டு முகம், ஆட்டுத் தாடி, குதிரை வால் என்று மிச்சம் மீதியை வைத்துச் செய்தது போல இருக்கும் இந்த விலங்கு மான் வகையைச் சேர்ந்தது. வான்வழிக் கணக்கெடுப்புகளில் 13 லட்சம் வரை எண்ணியிருக்கிறார்கள். கூடவே சுமார் 2 லட்சம் வரிக்குதிரைகளும், தாம்சன் சிறுமான்களும். இவை வருடம் முழுக்க ஒரு பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

டிசம்பரிலிருந்து மார்ச்வரை மந்தை தெற்கே, ந்டூட்டு பக்கத்துக் குட்டைப்புல் வெளியில் இருக்கும். ஓல் டோய்ன்யோ லெங்காய் போன்ற எரிமலைகள் காலங்காலமாகத் தூவிய சாம்பல் படிந்த மண் அது. மேல்மண்ணுக்கு அடியில் சாம்பல் கெட்டிப்பட்டுக் கிடப்பதால் மரத்தின் வேர் இறங்காது, புல் மட்டும்தான் வளரும். ஆனால் அந்தப் புல்லில் கால்சியமும் பாஸ்பரசும் நிறைய. பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டியது அதுதான். அதனால் பிப்ரவரியை ஒட்டி இரண்டு மூன்று வாரத்துக்குள் பெரும்பாலான குட்டிகள் அங்கேதான் பிறக்கின்றன. எல்லாம் ஒன்றாகப் பிறப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவு தின்றாலும் தீராது, மிஞ்சியது பிழைத்துக்கொள்ளும். குட்டி விழுந்து பத்து நிமிடத்துக்குள் எழுந்து ஓடுவதைப் பார்த்தேன். பக்கத்து வண்டியில் இருந்த பாட்டியம்மா கைதட்டினார். எந்த ஊரோ, என்ன மொழியோ.

ஏப்ரல், மே பெருமழைக்காலம். மசிக்கா என்பார்கள். மந்தை வடமேற்காக நகரத் தொடங்கும். சேற்றில் வண்டி சிக்கும், சில முகாம்களை மூடிவிடுவார்கள், வாடகை இறங்கும், கூட்டம் இருக்காது. ஜூன் வாக்கில் மேற்கே க்ருமெட்டி ஆற்றுப் பக்கம். ஜூலையிலிருந்து அக்டோபர்வரை வடக்கே கொகாட்டெண்டே, மாரா ஆற்றுப் பக்கம். தெற்கே அவ்வளவு நல்ல புல் இருந்தும் ஏன் விட்டுப் போகின்றன? மழையில்லாத மாதங்களில் அங்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது, இருக்கிற குட்டையும் உவர். நவம்பரில் வூலி என்கிற சிறுமழை விழுந்ததும் திரும்பத் தெற்கே வந்துவிடும்.

மழை தேதி பார்த்து வருவதில்லை. மந்தையும் அப்படித்தான். 'பிப்ரவரி 10ஆம் தேதி அங்கே இருக்கும்' என்று எந்த முகவராவது அடித்துச் சொன்னால் அவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சிங்கம், சிறுத்தை, யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் இந்தச் சுற்றில் போவதில்லை. செரொனேரா என்கிற நடுப்பகுதியில் அவை எந்த மாதமும் கிடைக்கும்.

இத்தனை லட்சம் விலங்குகள் எப்போதும் இருந்தனவா?

இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கதை இது, கொஞ்சம் நீட்டிச் சொல்வேன்.

1880களின் இறுதியில் எரித்திரியா பக்கம் கப்பலில் வந்திறங்கிய மாடுகளோடு வெக்கை நோயும் ஆப்பிரிக்காவுக்குள் வந்தது. நம் ஊரிலும் மாட்டுக் கொட்டில்களைக் காலி செய்த அதே நோய். சில வருடங்களுக்குள் கிழக்கு ஆப்பிரிக்காவின் மாடுகளில் பெரும்பகுதி செத்தது, மாடுகளை நம்பியிருந்த மசாய் மக்கள் பட்டினியில் விழுந்தார்கள், வில்டபீஸ்ட்டும் எருமையும் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 1960களின் தொடக்கத்தில்கூட செரங்கெட்டியில் வில்டபீஸ்ட் இரண்டரை லட்சம் அளவில்தான் இருந்தது.

பிறகு பூங்காவைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். காட்டு விலங்குக்கு யாரும் ஊசி போடவில்லை, மாட்டுக்குத்தான். மாட்டில் நோய் நின்றதும் காட்டிலும் நின்றுவிட்டது. 1970களின் இறுதியில் எண்ணிக்கை 13 லட்சத்தைத் தொட்டது. அவ்வளவு வாய்கள் மேய்ந்ததில் காய்ந்த புல் மிஞ்சவில்லை. காய்ந்த புல் இல்லாததால் காட்டுத்தீ குறைந்தது. தீ குறைந்ததால் மரக்கன்றுகள் தப்பி வளர்ந்தன. செரொனேராவைத் தாண்டி வடக்கே போகும்போது நீங்கள் பார்க்கும் வேல மரக்கூட்டங்கள் பலவற்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு கிராமத்து மாட்டுக்குப் போட்ட ஊசி இருக்கிறது. 2011இல் வெக்கை நோய் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

மந்தை மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியைக் கண்டிப்பாகப் பார்க்க முடியுமா?

முடியலாம், முடியாமலும் போகலாம். மந்தை கரைக்கு வரும், நிற்கும், முகர்ந்து பார்க்கும், ஒன்று மிரண்டால் மொத்தமும் திரும்பி ஓடும். நான்கு மணி நேரம் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டு. இறங்கிவிட்டாலோ, தூசியும் கூச்சலும் முதலையும் சேர்ந்து இருபது நிமிடம் மூச்சு விட மறந்துவிடுவீர்கள்.

ஆனால் உங்களைச் சுற்றி நாற்பது ஐம்பது வண்டிகளும் நிற்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில ஓட்டுநர்கள் மந்தையின் வழியையே மறித்துக்கொண்டு நிற்பார்கள். 'கொஞ்சம் பின்னால் தள்ளி நிறுத்துங்கள்' என்று நாமே சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். பயணி கேட்கிறார் என்றுதான் அவர்கள் நெருங்குகிறார்கள். என்னைக் கேட்டால் ஆற்றைவிட பிப்ரவரிக் குட்டிகளைத்தான் சொல்வேன்.

எத்தனை நாள் வேண்டும்?

பூங்காவுக்குள் குறைந்தது மூன்று இரவு. அருஷா நகரத்திலிருந்து செரொனேராவுக்கு 330 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஆனால் ஏழெட்டு மணி நேரம் ஆகும், பாதிக்கு மேல் மண்சாலை. 'ஒரு இரவு தங்கினால் போதாதா' என்று கேட்பவர்களுக்கு: போகிற நாள் சாலைக்கு, வருகிற நாள் சாலைக்கு, நடுவில் என்ன மிச்சம்?

அருஷாவிலிருந்து சிறு விமானத்திலும் போகலாம், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பெட்டி 15 கிலோவைத் தாண்டக்கூடாது, அதுவும் மடங்கும் துணிப்பையாக இருக்க வேண்டும். போகும்போது சாலை, வரும்போது விமானம் என்றால் வசதி. சாலை வழியில் கொரொங்கோரோ எரிமலைப் பள்ளமும், ஆதிமனித எலும்புகள் கிடைத்த ஓல்டுபாய் பள்ளத்தாக்கும் இருக்கின்றன. இரண்டையும் தவறவிடக் கூடாது.

செலவு எவ்வளவு ஆகும்?

அதிகம். பூசி மெழுகுவதில் பயனில்லை.

பூங்கா நுழைவு, வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு 24 மணி நேரத்துக்கு 70 டாலர். மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை 60. அதன்மேல் 18 சதவீத வரி. ஆகவே அந்த 70 டாலர், 82 டாலர் 60 சென்ட் ஆகிறது. பூங்காவின் பொது முகாமில் சொந்தக் கூடாரம் அடிக்க 30 டாலர், அதற்கும் வரி. வண்டி, ஓட்டுநர், டீசல், சோறு எதுவும் சேராமல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 118 டாலர் போய்விடுகிறது. 'நாளுக்கு 120 டாலர், எல்லாம் அடக்கம்' என்று யாராவது விளம்பரம் செய்தால், எதை அடக்கியிருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிக் கேட்காமல் போய், பூங்கா வாசலில் நுழைவுக் கட்டணத்தைத் தன் அட்டையிலிருந்து மறுபடியும் கட்டினார்.

சாலை வழியில் கொரொங்கோரோ பாதுகாப்புப் பகுதியைக் கடந்தே ஆக வேண்டும். அதற்குத் தனியாக 60 டாலரும் வரியும், திரும்பும்போது இன்னொரு முறை. எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்கினால் வண்டிக்கு 250 டாலரும் வரியும். இதை வண்டியில் இருப்பவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பதால்தான் ஐந்தாறு பேராகச் சேர்ந்து போவது லாபம்.

கடிகாரக் கணக்கையும் கவனியுங்கள். நண்பகல் 12க்கு நுழைந்தால் மறுநாள் 12வரை ஒரு சீட்டு. 12.30க்கு வெளியேறினால் இன்னொரு நாள் கட்டணம். நாபி ஹில் வாசலில் கடைசி ஐந்து நிமிடத்தில் புழுதி பறக்க வந்து நிற்கும் வண்டிகள் எல்லாம் இந்தக் கணக்கில் ஓடி வருபவைதான்.

ஓட்டுநருக்கு அன்பளிப்பு, வண்டிக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 30 டாலர் என்பது அங்கே வழக்கம். கொடுங்கள். உங்கள் பயணம் நன்றாக அமைவது விடுதியைவிட அவர் கண்ணைத்தான் சார்ந்திருக்கிறது.

விசா, தடுப்பூசி?

தான்சானியாவுக்கு இணையத்திலேயே விசா எடுக்கலாம், ஒரு நுழைவுக்கு 50 டாலர்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில்தான் குழப்பம். இந்தியாவிலிருந்து நேரே போனால் தான்சானியா கேட்காது. வழியில் கென்யாவில் இரண்டு நாள் சுற்றிவிட்டுப் போனால் கேட்கும். கென்யாவையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பினால் நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள், சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. தலைவலியே வேண்டாம், போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

மலேரியா அங்கே உண்டு. எந்த மாத்திரை என்பதை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும், என்னிடம் அல்ல.

திறந்த வண்டியில் போகிறோமே, சிங்கம் பாய்ந்துவிடாதா?

அங்கே பெரும்பாலும் டொயோட்டா லேண்ட் க்ரூசர். பக்கவாட்டில் கண்ணாடி, மேலே தூக்கிவிடும் கூரை. நின்றுகொண்டு பார்க்கலாம். சிங்கத்துக்கு வண்டியும் உள்ளே இருக்கும் நாமும் சேர்ந்து ஒரே பெரிய பொருள். இரையும் இல்லை, எதிரியும் இல்லை. வெயில் நேரத்தில் வண்டி நிழலில் வந்து படுத்துக்கொள்ளும், டயரை முதுகு சொறிய வைத்துக்கொள்ளும். கையை வெளியே நீட்டினாலோ, காலைக் கீழே வைத்தாலோ அந்த ஒரே பொருள் உடைந்து 'மனிதன்' தெரிந்துவிடும். இறங்கக்கூடாது என்பது அதனால்தான்.

எங்கள் வண்டி ஒருமுறை பஞ்சரானது. ஓட்டுநர் இறங்கவில்லை. வானொலியில் இன்னொரு வண்டியைக் கூப்பிட்டு, அது வந்து பக்கத்தில் காவல் நின்ற பிறகுதான் ஜாக்கியை எடுத்தார். இருபது வருட அனுபவக்காரர். அந்த நாற்பது நிமிடக் காத்திருப்பில் ஒரு சாண வண்டு உருண்டையை உருட்டிக்கொண்டு சாலையைக் கடந்ததை முழுதாகப் பார்த்தோம்.

'பிக் ஃபைவ்' எல்லாம் பார்த்துவிடலாமா?

சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம். இது வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல். நடந்துபோய்ச் சுடுவதற்கு எவை ஆபத்தானவை என்று கணக்கிட்டது. பார்க்கப் போகிறவர்களுக்கு அந்தப் பட்டியல் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அதில் ஒட்டகச்சிவிங்கி இல்லை, நீர்யானை இல்லை, சிவிங்கிப்புலி இல்லை, கழுதைப்புலி இல்லை. முதல் பயணத்தில் நாங்களும் இந்த ஐந்தைத் துரத்தித்தான் கெட்டோம். வானொலியில் 'சிறுத்தை' என்று கேட்டதும் வழியில் இருந்த நூறு யானைகளை விட்டுவிட்டு ஓடினோம். போய்ச் சேர்ந்தபோது மரத்தில் தொங்கிய ஒரு வால் மட்டும் தெரிந்தது.

காண்டாமிருகம்தான் கடினம். 1970, 80களின் கள்ளவேட்டையில் செரங்கெட்டியில் ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டது. இப்போது மோரு பாறைக்குன்றுகள் பக்கம் கொஞ்சம் இருக்கின்றன. பார்க்க நல்ல வாய்ப்பு கொரொங்கோரோ பள்ளத்தில்தான், அதுவும் தொலைவில், தொலைநோக்கியில்.

சிறுத்தையும் சீட்டாவும் ஒன்றா?

இல்லவே இல்லை. நம் செய்திகளில் இரண்டையும் சிறுத்தை என்றே எழுதி எழுதிக் குழப்பிவிட்டார்கள். வால்பாறையில் வருவது சிறுத்தை. உடலில் பூப்பூவாக வட்டங்கள், கட்டுமஸ்தான உடம்பு, பகலில் செரொனேரா ஆற்றோர மரக்கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும். சீட்டா என்பது சிவிங்கிப்புலி. வட்டமல்ல, கரும்பொட்டுகள். ஒல்லி உடம்பு, சின்னத் தலை, கண்ணிலிருந்து வாய்வரை மை வழிந்தது போல் கோடு. பகலில் வேட்டையாடும், கறையான் புற்றின்மேல் ஏறி நின்று சுற்றுமுற்றும் பார்க்கும். கர்ஜிக்கத் தெரியாது. குட்டியைக் கூப்பிடும்போது பறவை மாதிரி 'கீச்' என்கும். அந்த உருவத்திலிருந்து அந்தச் சத்தம் வரும் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் சமாளிக்க முடியுமா?

தாராளமாக. முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். 'வெஜிடேரியன்' என்றால் மீன் வைப்பவர்கள் உண்டு, ஆகவே இறைச்சி, மீன், முட்டை என்று பிரித்துச் சொல்லுங்கள். சோறு இருக்கும், அவர்கள் மொழியில் வாலி. பீன்ஸ் குழம்பு மஹராகே. மச்சிச்சா என்று ஒரு கீரை வைப்பார்கள், வாயில் வைத்ததும் நம் தண்டுக்கீரை ஞாபகம் வரும், அந்த இனம்தான். சப்பாத்தி எங்கும் உண்டு, பெயரே சப்பாத்திதான். உகாலி என்கிற மக்காச்சோளக் களியை ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள், கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவர்களுக்கு உருண்டை பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊறுகாயும் பருப்புப்பொடியும் மட்டும் எடுத்துப் போங்கள்.

கொரொங்கோரோ பள்ளத்தில் மதிய உணவை வண்டிக்குள் உட்கார்ந்தே சாப்பிடுங்கள். வெளியே நின்றால் பருந்து வந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும். நகமும் கீறும்.

கழிப்பறை?

வாசல்களிலும் ஓய்விடங்களிலும் இருக்கும், நடுவில் கிடையாது. அவசரம் என்றால் ஓட்டுநரிடம் 'குச்சிம்பா தாவா' என்று சொல்லுங்கள். 'மருந்து தோண்டப் போகிறேன்' என்று பொருள், மூலிகை பறிக்கப் போவது போல ஒரு நாகரிகச் சாக்கு. அவர் சிரித்துக்கொண்டே சுற்றிப் பார்த்து, பாதுகாப்பான இடமாக நிறுத்துவார். வண்டிக்குப் பின்னால், டயரைத் தாண்டாமல். காகிதத்தைத் திரும்பப் பையில் எடுத்து வர வேண்டும்.

என்ன உடை? ஈக்கடி உண்டா?

பூமத்தியரேகைக்குப் பக்கம் என்று மெல்லிய சட்டை மட்டும் கொண்டுபோய் விறைத்துப் போனவர்களை அறிவேன். செரொனேரா சுமார் 1,500 மீட்டர் உயரம், விடியற்காலையில் குளிரும். கொரொங்கோரோ விளிம்பு 2,300 மீட்டர், ஜூன் முதல் ஆகஸ்டுவரை ஊட்டி மார்கழி மாதிரி. ஸ்வெட்டரும் குல்லாயும் வேண்டும்.

மங்கலான மண் நிறத் துணி நல்லது. கருநீலமும் கறுப்பும் வேண்டாம், செட்சி ஈக்கு அந்த நிறங்கள் பிடிக்கும். மரங்களுக்கு நடுவே கருநீலத் துணி கட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்ப்பீர்கள், அவை மருந்து தடவிய ஈப்பொறிகள். கடித்தால் ஊசி குத்தியது போல இருக்கும், ஜீன்ஸ் மேலேயே கடிக்கும். ராணுவ உடை மாதிரியான துணியும் தவிர்க்க வேண்டியது. பிளாஸ்டிக் பை 2019 ஜூன் முதல் நாடு முழுக்கத் தடை. பெட்டிக்குள் கேரி பேக் இருந்தால் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

கேமரா எது வாங்க வேண்டும்?

முதலில் தொலைநோக்கி வாங்குங்கள். ஆளுக்கொன்று, 8x42 போதும். ஒரே தொலைநோக்கியைக் குடும்பமே பங்கிட்டால் சண்டைதான் மிச்சம். கேமராவுக்கு 400 மில்லிமீட்டர்வரை போகும் லென்ஸ் இருந்தால் நன்று. ஒரு துணிப்பை கொண்டுபோய் அருஷாவில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பிக் கூரை விளிம்பில் வைத்தால் அதைவிட நல்ல தாங்கி இல்லை. கடைசி நாள் அரிசியை முகாம் சமையற்காரரிடம் கொடுத்துவிட்டோம். ட்ரோன் கொண்டுபோகாதீர்கள், அனுமதி இல்லை.

மொழி தெரியாமல் சமாளிக்கலாமா?

வழிகாட்டிகள் நன்றாக ஆங்கிலம் பேசுவார்கள். ஆனால் சுவாஹிலி கொஞ்சம் தெரிந்தால் வானொலியை ஒட்டுக்கேட்கலாம். சிம்பா சிங்கம், டெம்போ யானை, ட்விகா ஒட்டகச்சிவிங்கி, சூய் சிறுத்தை, டூமா சிவிங்கிப்புலி, ஃபிசி கழுதைப்புலி. வண்டிக்கு 'காரி', கடைக்கு 'டூக்கா'. இரண்டும் இந்தியாவிலிருந்து கப்பலேறிய சொற்கள். சஃபாரி என்றால் பயணம், நம் சவாரிக்கும் அதற்கும் உறவில்லை.

நேரம் சொல்வதில் ஏமாந்துவிடாதீர்கள். அவர்கள் கணக்கில் நாள் விடியலில் தொடங்குகிறது, காலை ஏழு மணிதான் 'மணி ஒன்று'. சூரியோதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நமக்கு இது புதிதில்லை. ஆனாலும் 'நாளை பன்னிரண்டு மணிக்குக் கிளம்பலாம்' என்று முகாம்காரர் சொன்னதை நண்பகல் என்று நினைத்துத் தூங்கியவன் நான். விடியற்காலை ஆறுக்கு வண்டி வாசலில் நின்றது.

குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துப் போகலாமா?

ஏழெட்டு வயதுக்கு மேல் என்றால் சரி. நாள் முழுக்கக் குலுங்கும் வண்டியில் கைக்குழந்தை பாவம். முதுகுவலி உள்ள பெரியவர்களுக்கு விமானம், நடு வரிசை இருக்கை.

மசாய் கிராமத்துக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் ஒரு வரலாறு தெரிந்துகொண்டு போங்கள். இந்தப் புல்வெளியில் மசாய் மக்கள் மாடு மேய்த்து வாழ்ந்தவர்கள். 1951இல் தேசியப் பூங்கா ஆனது. 1959இல் அவர்களை வெளியேற்றி, கொரொங்கோரோவில் தொடர்ந்து வாழலாம் என்று வாக்குக் கொடுத்தார்கள். இப்போது அங்கிருந்தும் தொலைவிலுள்ள ம்சொமெரா என்ற ஊருக்குக் குடிபெயர்க்கும் திட்டம் நடக்கிறது. 2022 ஜூனில் பக்கத்து லொலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு எல்லைக்கல் நட்டபோது மோதல் வெடித்தது, காவலர் ஒருவர் இறந்தார், மசாய் மக்கள் பலர் எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினார்கள். நாம் 'மனிதக் காலடி படாத காடு' என்று படம் எடுத்துப் போடும் இடத்தில் ஆட்கள் இருந்தார்கள். மோரு குன்றில் அவர்கள் வரைந்த கேடய ஓவியங்கள் இன்னும் பாறையில் இருக்கின்றன.

சாலையோரக் கிராமங்களில் குதித்து ஆடிக் காட்டிப் பாசிமணி விற்பார்கள். உள்ளே போகும் முன் தொகையைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்காதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எனக்கு அந்த நிகழ்ச்சி ஒட்டவில்லை. அதைவிட, எங்கள் ஓட்டுநரே மசாய் என்பதால் வண்டியில் அவர் தாத்தா எந்த மேட்டில் மாடு கட்டினார் என்று சொன்னதுதான் நிலைத்தது.

வேலியில்லாத முகாமில் இரவு பயமாக இருக்காதா?

முதல் இரவு இருக்கும். இருட்டிய பிறகு தனியாக நடக்கக்கூடாது. விளக்கடித்தாலோ விசில் ஊதினாலோ காவலர் வந்து அழைத்துப் போவார். சாப்பாட்டு அறைக்கு முப்பதடிதான் என்றாலும் அப்படித்தான். சிங்கத்தின் கர்ஜனை எட்டு கிலோமீட்டர்வரை கேட்கும். ஆகவே 'பக்கத்திலேயே இருக்கிறது' என்று காதில் விழுவது அநேகமாகப் பக்கத்தில் இல்லை. துணிச்சுவர்தான் என்றாலும் ஜிப்பை முழுக்க மூடிவிட்டால் உள்ளே வர எதுவும் முயல்வதில்லை. பிஸ்கட், பழம் எதையும் கூடாரத்துக்குள் வைக்கக்கூடாது.

செருப்பையும் ஷூவையும் உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழுதைப்புலிக்குத் தோல் என்றால் உயிர். என் மைத்துனர் கோயில் வாசலில் விடுவது போலக் கூடார வாசலில் விட்டுவிட்டுத் தூங்கினார். காலையில் ஒன்றுதான் இருந்தது.